புதுப் பெட்டிக்கு முதல் சாவியை யார் கொடுத்தது?

செக்யூரிட்டி ரிவ்யூ என்று கூப்பிட்டால் முதல் ஸ்லைடிலேயே 'ஏஇஎஸ்-256' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அடுத்ததில் 'டிஎல்எஸ் 1.3'. மூன்றாவதில் ஒரு பூட்டுப் படம். முதல் இரண்டும் தகவலைச் சாவி போட்டுப் பூட்டும் குறியாக்க முறைகளின் பெயர்கள். மூன்றையும் தாண்டச் சொல்லிவிட்டு நான் ஒன்றுதான் கேட்பேன்: அந்தச் சாவி பெட்டிக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தது? கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். பிறகு ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்வார்: "அது ஃபர்ம்வேர்லயே இருக்குங்க." அன்றைய ரிவ்யூ அங்கேதான் ஆரம்பிக்கும்.

பல்பு, பூட்டு, சென்சார், கேமரா என்று நெட்டில் பேசும் சாமான்களுக்கு ஃபர்ம்வேர், அதாவது சாமானுக்குள்ளேயே உட்கார்ந்து அதை ஓட்டும் மென்பொருள், எழுதுவது என் பிழைப்பு. குறியாக்கக் கணக்கு உடைந்து ஒரு சாமான் பறிபோனதை நான் பார்த்ததே இல்லை. பறிபோவதெல்லாம் சாவி கைமாறும் இடத்தில்தான்.

சிக்கல் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அட்டையைப் பிரித்து ஒரு சாமானை (எங்கள் பேச்சில் 'பெட்டி') எடுக்கிறீர்கள். திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. ஒரு எல்இடி, ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ரீசெட் துளை, அவ்வளவுதான். அதற்கு உங்கள் வைஃபை பாஸ்வேர்டு வேண்டும். கொடுக்கப்போவது உங்கள் போன். தான் பேசுவது கையிலிருக்கும் இந்தப் பெட்டியோடுதான், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு லேப்டாப்போடு அல்ல என்று போனுக்குத் தெரிய வேண்டும். தன்னை வாங்கியவரின் போன் இதுதான் என்று பெட்டிக்கும் தெரிய வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று முன்பின் பார்த்ததில்லை. ரகசியத்தைப் பத்திரமாக அனுப்ப ஏற்கெனவே ஒரு ரகசியம் வேண்டும். அந்த முதல் ரகசியத்தை எங்கே போய் எடுப்பது? சந்தையில் இருக்கும் எல்லா முறைகளையும் இந்த ஒரு கேள்விக்கான பதிலாகப் பார்த்தால் குழப்பமே வராது. ஃபேக்டரியில் வைத்து அனுப்பலாம். ஸ்டிக்கரில் அச்சடிக்கலாம். வாங்கியவரைப் பட்டன் அழுத்தச் சொல்லலாம். அல்லது முதலில் வந்து பேசுகிறவரே முதலாளி என்று நம்பிவிடலாம்.

இதில் மிக மலிவானது, எல்லாப் பெட்டிக்கும் ஒரே சாவியை வைத்துவிடுவது. அதன் பலனை உலகமே பார்த்தாயிற்று. 2016-ல் மிராய் என்ற போட்நெட் (திருடன் கைக்குப் போன சாதனங்களின் படை) கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அதன் சோர்ஸ் கோடில் இருந்தது சுமார் 60 யூசர்நேம்–பாஸ்வேர்டு ஜோடிகள். எல்லாம் கம்பெனிகளே வைத்து அனுப்பியவை. அதற்கு முந்தைய வருடம் செக் கன்சல்ட் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 4000-க்கும் மேற்பட்ட சாதனங்களின் ஃபர்ம்வேரைப் பிரித்துப் பார்த்தார்கள். கிடைத்தவை 580 தனித்தனி பிரைவேட் கீக்கள், அதாவது சாதனம் வெளியே காட்டவே கூடாத சாவிகள். அவற்றுக்கு ஜோடியான பப்ளிக் கீயை மட்டும்தான் ஊருக்குக் காட்டலாம். இணையத்தில் எச்டிடிபிஎஸ் (பூட்டிய வெப் இணைப்பு) பேசிக்கொண்டிருந்த முகவரிகளில் ஏறத்தாழ 9 சதவீதம் அந்தக் கீக்களைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தன. பிரைவேட் என்று பெயர் வைத்துவிட்டு டவுன்லோடு பக்கத்தில் போட்டிருக்கிறார்கள்!

வீட்டுச் சாமான்கள் ஒன்றோடொன்று பேசும் ரேடியோ முறையான ஜிக்பீயின் கதை இன்னும் விசேஷம். புதிதாகச் சேரும் சாதனத்துக்கு நெட்வொர்க் கீயை அனுப்பும்போது அதை மூடி அனுப்ப எல்லாப் பெட்டிக்கும் பொதுவான ஒரு சாவி இருந்தது. 'ஜிக்பீஅலையன்ஸ்09' என்பதுதான் அது. ஆங்கிலத்தில் எழுதினால் சரியாக 16 எழுத்து, ஏஇஎஸ்-128-க்கு வேண்டிய 16 பைட். உலகம் முழுக்க எல்லோருக்கும் தெரிந்த ஒரு சாவியால் பூட்டி, வீட்டின் உண்மையான சாவியைக் காற்றில் அனுப்பினார்கள். விளக்குகளுக்கென்று தனியாக இன்னொரு மாஸ்டர் கீ வைத்திருந்தார்கள். அது ரகசியமாக இருக்கும் என்ற நம்பிக்கையில். 2015-ல் அது வெளியே கசிந்தது. அதே போன்ற இன்னொரு ரேடியோ முறையான இசட்-வேவின் முதல் பாதுகாப்பு ஏற்பாடான எஸ்0 இன்னும் ஒரு படி மேல். இணைக்கும் நேரத்துக்கான தற்காலிகச் சாவி, 16 பைட்டும் பூஜ்யம்.

இவற்றுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் ஒரே வாதத்தைத்தான் வைப்பார்கள்: "இணைக்கும் அந்தச் சில நொடியில் பக்கத்தில் வந்து எவன் ஒட்டுக்கேட்கப் போகிறான்?" நியாயமான கேள்விதான். ஒரு வீட்டுப் பல்புக்காக எவனும் ஜன்னலடியில் ஆன்டெனாவோடு காத்திருக்க மாட்டான் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் இணைப்பு அறுந்து திரும்பச் சேரும்படி சாதனத்தைத் தூண்டிவிட முடியும். அப்போது நேரத்தைக் குறிப்பவன் திருடன்தான். தவிர, பக்கத்தில் வர வேண்டிய அவசியமில்லாத தாக்குதல்களே என்னை அதிகம் பயமுறுத்துகின்றன. ஒரு பெட்டியைக் காசு கொடுத்து வாங்கி, சொந்த மேசையில் நிதானமாகப் பிரித்து, உள்ளே கிடைத்ததை வைத்து உலகத்தில் உள்ள மற்ற எல்லாப் பெட்டியையும் திறக்க முடிந்தால், காவலுக்கு என்ன போட்டாலும் பயனில்லை. அதனால் எந்த டிசைனைக் காட்டினாலும் நான் போடும் கணக்கு ஒன்றே: ஒன்றை உடைத்தால் எத்தனை உடையும்? விடை 'ஒன்று' என்றால் மேற்கொண்டு பேசலாம்.

சரி, பெட்டிக்குப் பெட்டி வேறு எண் வைத்துவிட்டோம். தீர்ந்ததா என்றால் இல்லை. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் டபிள்யூபிஎஸ் (வைஃபை பாஸ்வேர்டை அடிக்காமல் சேரும் வழி) பின் எண் எட்டு இலக்கம். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. ஆக, ஒரு கோடி சாத்தியங்கள். ஆனால் அந்த நெறிமுறை முதல் நான்கு இலக்கத்தைத் தனியாகவும் மிச்சத்தைத் தனியாகவும் சரிபார்த்து, எந்தப் பாதி தப்பு என்பதையும் சொல்லிவிடும். 10,000-மும் 1,000-மும் சேர்த்து 11,000 முயற்சிக்குள் பின் எண் கையில். 2011 டிசம்பரில் இது வெளியே வந்தபோது கோடிக்கணக்கான ரவுட்டர்களில் அது ஆன் ஆகியிருந்தது. மின்சாரம் குறைவாகச் செலவாகும் ப்ளூடூத் லோ எனர்ஜியின் பழைய இணைப்பு முறையிலும் இதே சங்கதி. ஆறு இலக்கம் என்றால் பத்து லட்சம் சாத்தியங்கள். இணைக்கும்போது பறந்த பாக்கெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொண்டால், அந்தப் பத்து லட்சத்தையும் கம்ப்யூட்டர் கண்மூடித் திறப்பதற்குள் போட்டுப் பார்த்துவிடும். 2014 டிசம்பரில் வந்த ப்ளூடூத் 4.2-ல்தான் நீள்வட்ட வளைவு என்ற கணித முறையில், ஒட்டுக்கேட்பவனுக்குப் பிடிபடாமல் சாவி பரிமாறும் ஏற்பாடு இதற்கு வந்தது.

இடையில் ஒரு முனகல். பல மலிவான சாமான்கள் இன்னமும் என்ன செய்கின்றன தெரியுமா? பூட்டே இல்லாத ஒரு ஹாட்ஸ்பாட்டைத் திறந்து வைத்து, அதில் போனைச் சேரச் சொல்லி, வைஃபை பாஸ்வேர்டைச் சாதா எச்டிடிபியில் வாங்கிக்கொள்கின்றன. இன்னும் சில, பாஸ்வேர்டின் ஒவ்வொரு எழுத்தையும் பாக்கெட்டின் நீளமாக மாற்றி ஒலிபரப்புகின்றன. வைஃபை பாக்கெட்டின் உள்ளடக்கம் மறைந்திருந்தாலும் நீளம் மறையாது என்பதைப் பிடித்துக்கொண்டு செய்த உத்தி. முதல்முறை படித்தபோது அந்த மூளையை நினைத்து அசந்து போனேன். பெட்டிக்குக் கேட்பது தெருவுக்கும் கேட்கும் என்பது அடுத்த நிமிடம்தான் உறைத்தது.

இந்த முடிச்சை ஒழுங்காக அவிழ்த்தவர்கள், குறுகிய பாஸ்வேர்டை வைத்து நீளமான சாவியை உருவாக்கும் நெறிமுறைகளைக் கண்டுபிடித்த கணிதக்காரர்கள். வெவ்வேறு கம்பெனிகளின் வீட்டுச் சாமான்கள் ஒன்றாகப் பேசுவதற்காக 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் தரநிலை, அப்படிப்பட்ட நெறிமுறைகளில் ஸ்பேக்2+ என்பதைப் பயன்படுத்துகிறது. நான் இப்போது அதிகம் புழங்குவதும் இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெட்டியில் ஒரு க்யூஆர் கோடு, பக்கத்தில் 11 இலக்க எண். அதற்குள் இரண்டு சமாச்சாரம் ஒளிந்திருக்கிறது. ஒன்று, அருகிலிருக்கும் பல பெட்டிகளில் எது இது என்று போன் கண்டுபிடிக்க ஒரு 12 பிட் அடையாள எண். கையால் அடிக்கும் 11 இலக்கத்தில் அதன் முதல் 4 பிட் மட்டும்தான் இருக்கும். இன்னொன்று 27 பிட்டில் அடங்கும் எட்டு இலக்கப் பாஸ்கோடு. 11111111, 12345678, 87654321 மாதிரியானவற்றைத் தரநிலையே தடை செய்துவிட்டது. (மனிதர்களை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.)

போனும் பெட்டியும் இந்தப் பாஸ்கோடைக் காற்றில் அனுப்புவதே இல்லை. ஆளுக்கொரு ரேண்டம் எண்ணை எடுத்து, அதோடு பாஸ்கோடைக் கலந்து, வளைவின் மேல் ஒரு புள்ளியை மாற்றிக்கொள்கின்றன. இருவரிடமும் ஒரே பாஸ்கோடு இருந்தால் இரு பக்கமும் ஒரே சாவி வந்து நிற்கும். ஒட்டுக்கேட்டவனுக்குக் கிடைக்கும் பாக்கெட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய் பத்து கோடி எண்களையும் போட்டுப் பார்த்தாலும் எது சரி என்று சொல்ல அதில் எதுவும் இருக்காது. ஊகித்துப் பார்க்க வேண்டுமென்றால் பெட்டியோடு நேரடியாகப் பேசித்தான் ஆக வேண்டும். ஒரு பேச்சுக்கு ஒரு ஊகம். 20 முறை தப்பினால் பெட்டி இணைப்பு நிலையை விட்டே வெளியேறிவிடும். பத்து கோடியில் 20. எட்டு இலக்கம் போதுமா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் கணக்கு இது. அதே எட்டு இலக்கத்தைத்தான் டபிள்யூபிஎஸ்ஸும் வைத்திருந்தது என்பதைப் பாருங்கள்.

பெட்டிக்குள் பாஸ்கோடை அப்படியே எழுதி வைக்க வேண்டியதும் இல்லை. அதிலிருந்து பிபிகேடிஎஃப்2 (பல சுற்று கலக்கி, ஊகிப்பதை மெதுவாக்கும் முறை) வழியாகத் தயாரித்த ஒரு சரிபார்ப்பு மதிப்பு மட்டும் போதும். 1,000 முதல் 100,000 சுற்று வரை தரநிலை அனுமதிக்கிறது. இங்கே என் குழுவில் ஓயாத சண்டை ஒன்று உண்டு. "ஹேஷ்தானே சேமிக்கிறோம், ஃபிளாஷைப் பூட்டாவிட்டால் என்ன?" என்பது ஒரு கட்சி. (ஹேஷ் என்பது அந்தக் கலக்கிய மதிப்பு, ஃபிளாஷ் என்பது பெட்டியின் சேமிப்புச் சிப்.) பாஸ்கோடு மொத்தமே பத்து கோடிதான். அந்த மதிப்பு வெளியே போனால், 1,000 சுற்று வைத்தாலும் ஒரு கிராஃபிக்ஸ் கார்டுக்கு அது பெரிய வேலையே இல்லை என்பது என் கட்சி. ஆகவே ஃபிளாஷ் குறியாக்கமும் வேண்டும், சுற்றும் அதிகம் வேண்டும். சண்டை இன்னும் முடியவில்லை.

சாவி ஒத்துப்போனதும் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுவார்கள் என்றுதான் நினைப்போம். மேட்டர் கொடுக்காது. முதலில் ஒரு டைமரை ஓட விடும். அதற்குள் எல்லாம் முடியாவிட்டால் செய்ததையெல்லாம் பெட்டி திருப்பிப் போட்டுவிட வேண்டும். பிறகு போன் ஒரு ரேண்டம் எண்ணை அனுப்பி, "நீ நிஜமாகவே அந்தக் கம்பெனியின் பொருள்தானா, கையெழுத்துப் போடு" என்று கேட்கும். பெட்டி ஃபேக்டரியில் பெற்ற தன் பிரைவேட் கீயால் கையெழுத்திட்டு, கம்பெனி கையெழுத்திட்ட சான்றிதழையும், அதற்கு மேலே கையெழுத்திட்டவர்களின் சங்கிலியையும் நீட்டும். இதில் திருப்தி ஆன பிறகு பெட்டி புதிதாக ஒரு சாவி ஜோடியைத் தனக்குள்ளேயே உருவாக்கும். பப்ளிக் கீயை மட்டும் வெளியே நீட்டி இந்த வீட்டுக்கான சான்றிதழை வாங்கிக்கொள்ளும். கடைசியில்தான் வைஃபை பாஸ்வேர்டு உள்ளே போகும். அதற்குப் பிறகு அந்த எட்டு இலக்கத்துக்கு அன்றாடப் பேச்சில் வேலையே இல்லை.

எனக்கு இதில் பிடித்தது அந்த இரண்டாவது சாவிதான். ஃபேக்டரிச் சாவி ஆள் யாரென்று சொல்ல மட்டும். வீட்டு வேலைக்கு வீட்டில் பிறந்த சாவி. கம்பெனிக்கே தெரியாத ஒரு சாவியில் என் பூட்டு ஓடுகிறது என்பது நிம்மதியான விஷயம். வலைச் சாதனங்களுக்கான 802.1ஏஆர் தரநிலையிலும் இதே பிரிவினை உண்டு. பிறவி அடையாளம் ஒன்று, உள்ளூர் அடையாளம் ஒன்று. வைஃபைக்காரர்கள் 2018-ல் கொண்டுவந்த ஈஸி கனெக்ட் வேறு வழியில் போகிறது. க்யூஆரில் ரகசிய எண்ணுக்குப் பதில் பெட்டியின் பப்ளிக் கீயே இருக்கும். ஸ்டிக்கரை யார் படம் பிடித்தாலும் அவரால் அந்தப் பெட்டியாக நடிக்க முடியாது. ஆனால் அந்தக் கீயைத் தெரிந்தவர் தானே முதலாளி என்று முந்திக்கொண்டு வந்து நிற்கலாம். எல்லாமே ஏதோ ஒரு விட்டுக்கொடுப்புதான்.

ஆக, முழுக் கோட்டையும் ஃபேக்டரியில் வைத்த அந்த முதல் சாவியில் போய் நிற்கிறது. அது எப்படி உள்ளே போகிறது என்பதை நெறிமுறைப் புத்தகங்கள் எழுதுவதில்லை. போய்ப் பார்க்க வேண்டும்.

ஃபேக்டரி லைனில் ஜிக் என்ற டெஸ்ட் மேடை ஒன்று இருக்கும். மூடியைத் திறந்து போர்டை வைத்து அழுத்தினால், கீழிருந்து ஸ்பிரிங் ஊசிகள் போர்டின் வட்டத் தடங்களைத் தொடும். மின்சாரம் போகும், யுஆர்டி என்ற வயர் வழியாகச் சிப் பேச ஆரம்பிக்கும். ஜிக்கில் ஓடும் ஸ்கிரிப்ட், "சாவி ஜோடி உருவாக்கு" என்று சிப்பிடம் சொல்லும். சிப் தனக்குள் உருவாக்கி, பப்ளிக் கீ இருக்கும் ஒரு விண்ணப்பத்தை அனுப்பும். அது பூட்டிய அறையில் இருக்கும் எச்எஸ்எம் என்ற, கையெழுத்துச் சாவியை வெளியே விடாமல் காக்கும் கருவிக்குப் போய், கையெழுத்தோடு சான்றிதழாகத் திரும்பி வந்து போர்டில் ஏறும். பாஸ்கோடு உருவாகும், அதன் சரிபார்ப்பு மதிப்பு ஏறும். பிறகு சிப்புக்குள் இருக்கும் ஒருமுறைச் சுவிட்சுகளான இஃப்யூஸ்களை எரிப்பார்கள்: செக்யூர் பூட் (கையெழுத்தில்லாத ஃபர்ம்வேரை ஓட விடாதது) ஆன், ஃபிளாஷ் குறியாக்கம் ஆன், ஜேடேக் (சிப்புக்குள் எட்டிப் பார்க்கும் வாசல்) ஆஃப். எரித்தால் எரித்ததுதான், திரும்ப வராது. பக்கத்தில் லேபிள் பிரிண்டர் ஒரு ஸ்டிக்கரைத் துப்பும்.

இதில் எந்தப் படியும் சாதாரணமானதில்லை. 'சாவி உருவாக்கு' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதிகம் பயன்படுத்தும் இஎஸ்பி32 சிப்பில் ரேண்டம் எண் தரும் வன்பொருள் இருக்கிறது. ஆனால் அது உண்மையான ரேண்டம் தருவதற்கு வைஃபையோ ப்ளூடூத்தோ ஆன் ஆகியிருக்க வேண்டும், அல்லது ஏடிசி என்ற, மின்னழுத்தம் அளக்கும் பகுதியின் இரைச்சலைத் தனியாக ஆன் செய்ய வேண்டும். டாகுமென்டேஷனிலேயே இருக்கிறது. ஜிக்கில் நேரத்தை மிச்சம் பிடிக்க ரேடியோவை அணைத்து வைத்திருப்பார்கள். அப்போது உருவாகும் சாவி பார்வைக்கு ரேண்டமாகத்தான் இருக்கும், எந்த டெஸ்ட்டிலும் தோற்காது. இது வெறும் பயமில்லை. 2012-ல் ஒரு ஆய்வுக் குழு இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி உருவாக்கும் ஆர்எஸ்ஏ பப்ளிக் கீக்களை இணையம் முழுக்கச் சேகரித்து, இரண்டிரண்டாக மீப்பெரு பொதுக்காரணி கண்டுபிடித்தது. பள்ளிக்கூடக் கணக்கு. அதை வைத்தே டிஎல்எஸ் முகவரிகளில் 0.5 சதவீதத்தின் பிரைவேட் கீ அவர்கள் கைக்கு வந்துவிட்டது. காரணம், ரவுட்டர் போன்ற பெட்டிகள் முதல்முறை பூட் ஆன கையோடு, ரேண்டம் குவியலில் எதுவும் சேர்வதற்குள் சாவி உருவாக்கியிருந்தன. இரண்டு பெட்டிகள் ஒரே முதல் பகா எண்ணை எடுத்து, இரண்டாவதில் மட்டும் வேறுபட்டால், பொதுக்காரணி இரண்டையும் காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் சிலர், சாவியை எச்எஸ்எம்மிலேயே உருவாக்கி போர்டுக்கு அனுப்பிவிடலாமே என்பார்கள். ரேண்டம் நன்றாக இருக்கும், லைனும் வேகமாக ஓடும். ஆனால் ஒரு பிரைவேட் கீ ஒரு முறை வயரில் பயணம் செய்துவிட்டால் அது எத்தனை லாக் ஃபைலில் தங்கியிருக்கிறது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. எனக்கு இதில் சமரசம் கிடையாது. சிப்பின் ரேண்டம் மேல் சந்தேகம் இருந்தால், சாவியை உள்ளேயே வைத்து விற்கும் செக்யூர் எலிமென்ட் சிப்பைப் போடுங்கள். போர்டின் விலை கொஞ்சம் ஏறும். பர்ச்சேஸ் ஆட்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

இன்னொரு விஷயம் ஸ்டிக்கர். குறியாக்கம் படித்தவர்கள் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு லைனில் நான் பார்த்தது: பிரிண்டரில் ரோல் தீர்ந்து மாற்றினார்கள், முதல் லேபிள் கோணலாக வந்ததால் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்ததிலிருந்து ஒட்ட ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் அடுத்த பெட்டியின் ரகசியம். பெட்டிகள் எல்லாம் டெஸ்ட்டில் பாஸ். ஒட்டிக்கொண்டிருந்த அக்காதான் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். "சார், ஸ்கிரீன்ல கடைசி நாலு நம்பர் ஒண்ணு காட்டுது, ஸ்டிக்கர்ல வேற இருக்கு, பரவாயில்லையா?" அன்றிலிருந்து, ஒட்டிய பிறகு கேமராவால் க்யூஆரைப் படித்து, அதே கோடைக் கொண்டு பெட்டியோடு ஒரு முறை முழுசாக இணைந்து பார்த்தால்தான் ஜிக் பச்சை காட்டும். லைன் வேகம் குறைந்ததென்று புலம்பினார்கள். கிழித்துப் போட்ட ஸ்டிக்கர்கள் எந்தக் குப்பைத்தொட்டிக்குப் போகின்றன என்று கேட்டு, புலம்பலை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டேன்.

கிளவுடில் சேரும் சாமான்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. எல்லாப் பெட்டியிலும் ஒரே 'கிளெய்ம் சான்றிதழ்' வைத்து அனுப்பி, முதல்முறை நெட்டில் வந்ததும் அதைக் காட்டித் தனக்கான சான்றிதழை வாங்கிக்கொள்ளச் சொல்வது. ஃபேக்டரியில் எச்எஸ்எம் வைக்க வசதியில்லாதவர்களுக்கு இது வரப்பிரசாதம். சர்வர் பக்கத்தில் சீரியல் எண் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒரு எண்ணுக்கு ஒரு முறைதான் என்று கறாராக நின்றால் ஒப்பேற்றலாம். ஆனால் நான் மேலே போட்ட கணக்கில் அதன் விடை 'எல்லாம்'. அவசரத்துக்குச் சரி, அடுத்த வருடமும் அதுவே ஓடினால் சரியில்லை.

பெரிய நிறுவனங்கள், தொழிற்சாலைகள் என்று வந்தால் ஆயிரம் பெட்டிக்கு ஆயிரம் க்யூஆர் ஸ்கேன் செய்ய ஆள் கிடைக்காது. அங்கே வவுச்சர் முறை, அதாவது இந்தப் பெட்டி யாருக்குச் சொந்தம் என்று சொல்லும் டிஜிட்டல் சீட்டு. 2021-ல் இரண்டு தரநிலைகள் அடுத்தடுத்து வந்தன: ஃபைடோ அமைப்பின் எஃப்டிஓ, இணையப் பொறியாளர்களின் ஆர்எஃப்சி 8995. எஃப்டிஓவில் பெட்டியோடு ஒரு டிஜிட்டல் பத்திரமும் கைமாறும். தயாரித்தவர் மொத்த வியாபாரிக்கு, அவர் அடுத்தவருக்கு என்று ஒவ்வொருவரும் கையெழுத்திட்டுக் கொடுத்துக்கொண்டே வருவார்கள். மின்சாரம் கிடைத்ததும், கடைசிக் கையெழுத்து யார் பேருக்கு விழுந்ததோ அவரைப் பெட்டி தேடிப் போகும். 8995-ல் வவுச்சரைத் தயாரிப்பாளரின் சர்வர் கொடுக்கும். படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் தயாரிப்பாளர் கடையை மூடிவிட்டால் கிடங்கில் பிரிக்காமல் கிடக்கும் பெட்டிகளின் கதி என்ன என்பதை வாங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

சான்றிதழ் என்று பேசும்போது யாரும் கடிகாரத்தை நினைப்பதில்லை. பேட்டரி இல்லாத சிப் கண் விழிக்கும்போது அதற்கு 1970 ஜனவரி 1. சர்வரின் சான்றிதழ் 'இன்னும் ஆரம்பிக்கவே இல்லை' என்று நிராகரிக்கும். டெவலப்பர் எரிச்சலில் தேதி சரிபார்ப்பையே அணைத்துவிடுவார், அது அப்படியே புரொடக்‌ஷனுக்கும் போகும். மேட்டரில் இதற்கு எளிய ஏற்பாடு இருக்கிறது: ஃபர்ம்வேர் பில்டு ஆன தேதியை 'கடைசியாகத் தெரிந்த நல்ல நேரம்' என்று வைத்துக்கொண்டு, அதற்கு முன் போகாமல் ஆரம்பிப்பது. பெட்டியின் பிறவிச் சான்றிதழுக்கோ காலாவதித் தேதியே வேண்டாம் என்கிறது 802.1ஏஆர், 9999 டிசம்பர் 31 என்று போடச் சொல்கிறது. அதுவரை கம்பெனி இருந்தால் சந்தோஷம்.

கடைசியாக, விற்ற பிறகு. 1999-லேயே கேம்பிரிட்ஜில் இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு வாத்துக்குஞ்சை உவமை சொன்னார்கள். முட்டையிலிருந்து வெளியே வந்ததும் முதலில் எது அசைகிறதோ அதையே அம்மா என்று நம்பிவிடும் குஞ்சு. செத்துப் பிழைத்தால்தான் வேறு அம்மா. அந்தச் சாவுதான் ஃபேக்டரி ரீசெட். பழைய வீட்டின் சாவி, சான்றிதழ், வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் போக வேண்டும்; பிறவி அடையாளம் மட்டும் தங்க வேண்டும். சிலர் பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்து, பெட்டியைச் செங்கல் ஆக்கிவிடுவார்கள். அதைவிட அதிகம் நடப்பது, எதுவுமே அழியாமல் இருப்பது.

குறிப்பாக இஎஸ்பி32-ன் என்விஎஸ் என்ற, மின்சாரம் போனாலும் அழியாத சேமிப்பில், ஒரு மதிப்பை நீக்கினால் 'இது செல்லாது' என்று ஒரு குறி மட்டும்தான் விழும். அது இருக்கும் ஃபிளாஷ் தொகுதி முழுவதும் அழிக்கப்படும் வரை பைட்டுகள் அங்கேயே கிடக்கும். ரீசெட் கோடு ஒவ்வொரு மதிப்பாக நீக்குகிறதா, அந்தச் சேமிப்புப் பகுதியையே (பார்ட்டிஷன்) துடைக்கிறதா என்று சோர்ஸைப் படித்து நம்புவதை நான் விட்டுவிட்டேன். ஃபிளாஷ் குறியாக்கம் இல்லாத டெவலப்மென்ட் போர்டில் அதே ஃபர்ம்வேரை ஏற்றி, ஒரு வைஃபையில் சேர்த்து, ரீசெட் அடித்து, ஃபிளாஷை முழுசாக இறக்கி, அதில் அந்த வைஃபை பாஸ்வேர்டைத் தேடிப் பார்ப்பேன். கிடைத்தால், ரிலீஸை நிறுத்தி வைக்கச் சொல்லி மெயில் போய்விடும்.